லீவில் போன ‘ங்க’

அந்த வருடம் ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை, பீளமேட்டுப் பழைய மோட்டார் ஷெட்டில் பாட்டும் கவிதையுமாக நடந்த மாலையில், ஒரு கவிதை முடிந்து டீ வருவதற்குள் ஐயாசாமியின் வாயிலிருந்த ‘ங்க’ போய்விட்டது. போனது வீணாகவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுப்பண்ணனின் வாயில் போய்ச் சேர்ந்துகொண்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று கூரைத் தகரத்தைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்ததால், அது போகும்போது சத்தம் வந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோயமுத்தூர்ப் பக்கம் ‘ங்க’ இல்லாமல் பேச்சு நகராது. பஸ்ஸில் காலை மிதித்தவரும் மிதிபட்டவரும்கூட அதை மாறி மாறிச் சொல்லிக்கொள்வார்கள். அது யாரிடமிருந்து யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஐயாசாமி பிறந்தது மதுக்கரைக்குத் தெற்கே, சுப்பண்ணனின் தோட்டத்துச் சாளைக் குடிசையில். அவர் அப்பாவுக்கும் அங்கேதான் வேலை, தாத்தாவுக்கும் அங்கேதான். தோட்டத்துக்காரரைப் பண்ணாடி என்று கூப்பிடுவார்கள், பின்னால் ஒரு ‘ங்க’ சேர்த்து. சுப்பண்ணனின் அப்பா இருந்த காலத்தில் ஐயாசாமியின் சித்தப்பா ஒருநாள் கள் மயக்கத்தில் அந்த ‘ங்க’வை விட்டுவிட்டுப் பதில் சொன்னார். அவரைப் புளியமரத்தில் கட்டி வைத்தார்கள். வெயில் இறங்கும்வரை அவர் அங்கே நின்றதைச் சிறுபிள்ளையாக இருந்த ஐயாசாமி பார்த்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் அதை விட்டதில்லை. சுப்பண்ணனின் மகன் கிருபாசங்கருக்குச் சொன்னார், கிருபாசங்கரின் மகள் கனிஷ்கா பேசப் பழகியபோது அந்தக் குழந்தைக்கும் சொன்னார். பிறகு கிணறு வற்றி, தோட்டத்தில் பாதி மனையிடமாகி, வேலை குறைந்தபோது மனைவி அன்புச்செல்வியையும் சிறுகுழந்தையாக இருந்த மகள் இனியாவையும் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தார். அன்புச்செல்வி பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்தார். ஐயாசாமி பீளமேட்டில் ஓர் அப்பார்ட்மெண்ட் கேட்டில் வாட்ச்மேன் ஆனார். கேட்டுக்கு வந்த காருக்கும், காரை ஓட்டியவருக்கும், பின்சீட்டில் தூங்கிய நாய்க்கும் ‘வாங்க’ சொல்லி வருடங்கள் ஓடின.

மோட்டார் ஷெட் கிருபாசங்கருடையது. பம்புசெட் மோட்டார் செய்த இடம். தொழிற்சாலையைக் கிணத்துக்கடவுப் பக்கம் மாற்றியதும் கட்டடம் காலியாகக் கிடந்தது. வாங்க ஆள் வரும்வரை என்று சொல்லி மகள் கனிஷ்கா சாவியை வாங்கிக்கொண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சனிக்கிழமைதோறும் பாட்டும் கவிதையும் நடத்தினாள். எண்ணெய் வாடை மட்டும் கடைசிவரை போகவில்லை. இனியாவும் கனிஷ்காவும் ஒரே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஒருநாள் கேண்டீனில் பேச்சுவாக்கில் இருவரும் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தது. அதன்பிறகு கொஞ்ச நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசிக்கொண்டார்கள், முன்னைவிட அதிகமாக. அந்த ஆனி மாதச் சனிக்கிழமை இனியா முதல்முறையாகத் தன் கவிதையை வாசிக்கப்போகிறாள் என்று அப்பாவைக் கூப்பிட்டிருந்தாள். கனிஷ்கா தன் தாத்தாவைக் கூட்டி வந்திருந்தாள். ஒருத்தி கூப்பிட்டது மற்றவளுக்குத் தெரியாது.

ஐயாசாமி உள்ளே நுழைந்து, முன்வரிசையில் மெத்தை போட்ட நாற்காலியில் சுப்பண்ணன் இருப்பதைப் பார்த்ததும் வெளியே போய்விடத்தான் திரும்பினார். இனியா கையைப் பிடித்துக் கூட்டிவந்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தாள். அவர் நாற்காலியின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடத் தோதாக உட்கார்ந்தார். முதலில் ஆல்வின் கிதார் வாசித்தான். ஆல்வின் அன்புச்செல்வியின் அக்கா மகன், சர்ச்சில் வாசித்துப் பழகிய கை. பிரத்யுஷா என்ற பெண் அவனோடு வயலின் வாசித்தாள். தகரத்தின் தடதடப்பு சில இடங்களில் தாளத்தோடு ஒத்துப்போனது, சில இடங்களில் போகவில்லை. பிறகு இனியா மைக்கின் முன்னால் வந்து, கைப்பேசியைப் பார்த்து வாசித்தாள்:

எங்கப்பா ஒரு கேட்டில் நிற்கிறார்.
அவர் நாக்கு நுனியில் ஒரு சின்னச் சொல் நிற்கிறது.
அவருக்குப் பன்னிரண்டு மணி நேர டூட்டி.
அதற்கு ஆயுசு முழுக்க டூட்டி.
கார் வந்தால் அது எழுந்து நிற்கும்.
காருக்குள் குழந்தை இருந்தாலும் எழுந்து நிற்கும்.
காருக்குள் யாருமே இல்லாவிட்டாலும் எழுந்து நிற்கும்.
அதற்குக் கால் வலிக்காதா?
யாராவது அதற்கு ஒருநாள் லீவு கொடுங்கள்.

கை தட்டினார்கள். சுப்பண்ணன் சிரமப்பட்டுக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். ஐயாசாமி அதற்குள் எழுந்து நின்றிருந்தார். வழக்கப்படி “ஏண்டா ஐயாசாமி, உன்ற புள்ளயாடா இது” என்றுதான் வந்திருக்க வேண்டும். சுப்பண்ணனும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. “ஏனுங்க ஐயாசாமி, உங்க புள்ளைங்களா இது? நல்லாப் பேசறாங்க.” ஐயாசாமி ‘ஆமாங்க பண்ணாடி’ என்று சொல்ல நினைத்தார். “ஆமா பண்ணாடி” என்று மொட்டையாக வந்தது. அடி விழும் என்று அவர் கன்னம் தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. அடி விழவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்ட இரண்டு பேரைப்போல அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் டீ வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து ஐயாசாமியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் நாக்கு இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைத்து, இல்லாமல் தடுமாறியது. ‘வாங்க’ என்றால் ‘வா’ என்று வந்தது, ‘நீங்க’ ‘நீ’ ஆனது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் “சோறு போடு” என்றதும் அன்புச்செல்வி கிட்ட வந்து வாயை மோந்து பார்த்தார். சாராய வாடை இல்லை. தட்டைச் சத்தம் வர வைத்தார். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வெங்காயம், தங்கம், சிங்காநல்லூர் என்று சொல்லச் சொன்னார். மூன்றும் பிசிறில்லாமல் வந்தன. மரியாதை மட்டுந்தான் வரவில்லை, அதற்குத் தன்னிடம் மாத்திரை கிடையாது என்று ஃபீஸ் வாங்காமல் அனுப்பிவிட்டார். ஆல்வின் சர்ச்சில் ஜெபம் பண்ணச் சொன்னான். அன்புச்செல்வி மாரியம்மன் கோயிலில் வெள்ளியில் நாக்கு செய்து போட்டார். இரண்டும் பலிக்கவில்லை. காலையில் டூட்டிக்கு முன்னால் ஐயாசாமி அவிநாசி ரோட்டில் ஹோப்ஸ் காலேஜ்வரை நடந்து திரும்பினார். எதிரே வந்தவர்களிடமெல்லாம் மணி கேட்டார், வாய் சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக. ஒருவர், மணி சொல்ல முடியாது, கேட்கிற முறை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டில் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். பாதி நேரம் விசில் ஊதினார், மீதி நேரம் தலையை ஆட்டினார். பேச வேண்டி வந்தபோது பேச்சு வெறும் தரையில் தகரத்தைப் போட்டதுபோல விழுந்தது. ரித்விக் என்ற காலேஜ் பையனிடம் “வண்டிய அங்க நிறுத்தாத” என்றார். மூன்றாவது மாடிக்கு வந்த சம்பந்தி வீட்டாரிடம் “யாரு வேணும் உனக்கு” என்றார். ‘சார்’ போட்டுப் பார்த்தார். “காரை எடு சார்” என்று அது இன்னும் மோசமாக வந்தது. குடியிருப்போரின் வாட்ஸ்ஆப் குரூப் காலையிலிருந்து இரவுவரை டிங் டிங் என்றது. சங்கச் செயலாளர் அரங்கசாமி நல்ல மனிதர். தனியாகக் கூப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார். ஐயாசாமி உள்ளதைச் சொன்னார். “போயிருச்சு சார். தேடீட்டுத்தான் இருக்கறேன். கொஞ்சம் பொறுத்துக்க.” அரங்கசாமி நம்பினார். கூட்டத்தில் அவருக்காகப் பேசவும் செய்தார். ஆனால் இவ்வளவு பெரிய குடியிருப்புக்கு ‘ங்க’ இல்லாத ஆள் ஒத்துவராது என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். ஐயாசாமி யூனிஃபார்மைத் துவைத்து, மடித்து, திருப்பிக் கொடுத்தார்.

அதே நாட்களில் மதுக்கரைத் தோட்டத்திலும் நிம்மதி இல்லை. முதல் நாள் காலை சுப்பண்ணன் மாட்டுக்கொட்டகைக்குப் போய், சாணி அள்ளிக்கொண்டிருந்த பெண்ணிடம் “டீ குடிச்சீங்களா” என்று கேட்டார். அவள் வேலை போய்விட்டதென்று நினைத்துக் கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஏற்கனவே தன் உறவுக்காரர்களுக்குச் சொல்ல அவரிடம் ஒரு ‘ங்க’ இருந்தது. ஐயாசாமியுடையதும் அதோடு சேர்ந்ததால், சமமானவர்களுக்கு அது இரட்டையாக விழுந்தது. ஆனியின் கடைசி முகூர்த்தத்தில், ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்தியை “வாங்கங்க, உக்காருங்கங்க” என்றார். எச்சில் இலை எடுக்க வந்தவரிடம் “மொதல்ல நீங்க சாப்புடுங்க, இலை எங்கயும் போயிராதுங்க” என்றார். பந்தியில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அதற்குள் இனியா கவிதை வாசித்த வீடியோ கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கியிருந்தது. கிருபாசங்கர் அப்பாவைத் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்பவில்லை. சுப்பண்ணன் கட்டிலில் உட்கார்ந்தார், ஊஞ்சலுக்குப் போனார், கொட்டகைக்குப் போனார், மறுபடி கட்டிலுக்கு வந்தார். எங்கே போனாலும் அங்கே யாராவது இருந்தார்கள், யார் இருந்தாலும் வாய் அதைச் சொல்லியது.

ஆடி பிறந்து காற்று இன்னும் பலத்திருந்த ஒருநாள் காலை, ஐயாசாமிக்கு சுப்பண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர்கள் இருவரும் போனில் பேசிக்கொண்டது அதுதான் முதல்முறை.

“ஐயாசாமிங்களா? சுப்பண்ணன் பேசறனுங்க. இது வாயில நிக்கமாட்டீங்குதுங்க. ஒவ்வொருக்காச் சொன்னப்புறமும் ஒரு சாண் கொறஞ்சுபோட்டாப்ல இருக்குதுங்க. நீங்க எப்படிங்க இத்தன வருசம் சொன்னீங்க?”

போனின் அந்தப் பக்கத்தில் தென்னை மட்டைகள் அடித்துக்கொள்வது கேட்டது. குத்திக்காட்ட வேண்டும் என்று ஐயாசாமிக்கு எண்ணமில்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னார். “நானா எங்கே சொன்னேன். உன்னயப் பாத்தாத் தானா வந்துரும். பயந்தான்.” சுப்பண்ணன் போனை வைத்துவிட்டார். மட்டைச் சத்தமும் நின்றது.

இரண்டு நாள் கழித்து கிருபாசங்கர் நேரிலேயே வந்தார். சந்துக்குள் கார் நுழையாததால் முக்கில் நிறுத்திவிட்டு நடந்து வந்து வாசலில் நின்றார். ஐயாசாமி எழுந்து வந்து, “வா, உள்ள வந்து உக்காரு” என்றார். கிருபாசங்கரின் முகம் சிவந்தது. காது மடல்வரை சிவந்தது. பக்கத்து வீடுகளில் பேச்சு நின்றது. அவர் உள்ளே வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. நின்ற இடத்திலேயே தான் வந்த காரியத்தைச் சொன்னார். அன்று எப்படி நடந்ததோ அதேபோல மறுபடி ஒரு மாலையை நடத்த வேண்டும். அதே பாட்டு, அதே ஆட்கள், அதே டீ. லீவு முடிந்துவிட்டது, திரும்பி வா என்று இனியா ஒரு கவிதை வாசிக்க வேண்டும். போனது போன வழியே திரும்பி வந்துவிட்டால் அவரவர் வாய் அவரவருக்கு. வராவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு. பழைய வேலையையும் பேசி வாங்கித் தருவதாகச் சொன்னார். ஐயாசாமி தனக்கும் அதுதான் வேண்டும் என்றார்.

இனியாவுக்கு இது பிடிக்கவில்லை. ஷெட் போனால் போகட்டும் என்று கனிஷ்காவே அவளிடம் சொல்லியிருந்தாள். அடுப்பங்கரைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்த அப்பாவின் பின்னாலேயே இனியாவும் நடந்தாள். “அப்பா, போனதே நல்லதுங்கப்பா. அது எதுக்குங்க மறுபடியும்?” என்று கேட்டாள்.

ஐயாசாமி நின்றார். “எல்லாமே பயத்துல வந்ததில்ல கண்ணு. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவனுக்குச் சொன்னது பயமா? உங்கம்மாவுக்குச் சொன்னது பயமா? அதையுஞ் சேத்தித்தான கொண்டுபோயிருச்சு.” இனியா அம்மாவைப் பார்த்தாள். அன்புச்செல்வி முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் உருவிய கீரையையே மறுபடி உருவிக்கொண்டிருந்தார். அன்றைக்கே இனியா எழுத உட்கார்ந்தாள்.

இரண்டாவது மாலை ஆடியிலேயே நடந்தது. வீடியோ பார்த்தவர்கள் திருப்பூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வந்திருந்தார்கள். கிருபாசங்கரின் பங்காளிகள் வெள்ளைச் சட்டையில் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். ஐயாசாமியின் சொந்தக்காரர்கள் வாசற்பக்கம் நின்றார்கள். நடுவில் காலேஜ் பிள்ளைகள். நாற்காலி போதவில்லை. ‘ங்க’ தாண்டிவரத் தூரம் குறைவாக இருக்கட்டும் என்று கிருபாசங்கர் தன் அப்பாவின் மெத்தை நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஐயாசாமிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். சுப்பண்ணன் தன் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். ஐயாசாமியின் குதிகால் தரையில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஆல்வினும் பிரத்யுஷாவும் அதே பாட்டுகளை அதே வரிசையில் வாசித்தார்கள். கூரைத் தகரம் மட்டும் அன்றைக்குப் போட்ட தாளத்தைப் போடவில்லை.

ஐயாசாமியை மேடைக்குக் கூப்பிட்டு இனியா பக்கத்தில் நிற்க வைத்தார்கள். இனியா வாசித்தாள். நல்ல கவிதை என்று சொல்ல முடியாது. லீவு முடிந்தது, கேட் திறந்திருக்கிறது, வந்து கையெழுத்துப் போடு என்று இருந்தது. முடித்துவிட்டு மைக்கை அப்பாவிடம் நீட்டினாள். ஐயாசாமி தொண்டையைச் செருமி, “அல்லாருக்கும் வணக்கம்” என்றார். அந்த ‘ம்’முக்குப் பின்னால் ஏதாவது வருகிறதா என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. கிருபாசங்கர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். இனியா வாசித்தாள். வரவில்லை. பாட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். ஆல்வின் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தான். பின்சுவரில் முணுமுணுப்பு கிளம்பியது. வாசற்பக்கம் அதைவிடச் சன்னமாக இன்னொரு முணுமுணுப்பு கிளம்பியது. பிரத்யுஷாவின் வயலினில் ஒரு தந்தி அறுந்து, அவள் இருக்கிற தந்திகளில் சமாளித்தாள்.

அப்போதுதான் ஐயாசாமி அன்புச்செல்வியைப் பார்த்தார். ஹாஸ்டலில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார். இடமில்லாமல் தூண் ஓரம் நின்றுகொண்டிருந்தார். நாள் முழுக்க அடுப்படியில் நின்ற கால்கள், நரம்பு சுருட்டிய கால்கள். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். ஐயாசாமி தன் நாற்காலியைத் தேடினார். அவர் மேடைக்கு எழுந்து போனதும், மூட்டு வலிக்காகச் சுப்பண்ணன் அதில் காலை நீட்டியிருந்தார். செருப்போடு நீட்டியிருந்தார். வேண்டுமென்று செய்ததில்லை. காலியாக ஒரு நாற்காலி இருந்தால் அவர் எப்போதும் செய்வதுதான்.

மைக் ஐயாசாமியின் கையிலேயே இருந்தது. அவர் அதைக் கீழே வைத்திருக்கலாம். ஏன் வைக்கவில்லை என்று பின்னாளில் கேட்டவர்களிடம், ஞாபகமில்லை என்றுதான் சொன்னார்.

“பண்ணாடி, கால எடு. அது என்ற சேரு. அதுல என்ற ஊட்டுக்காரி உக்காரோணும்.”

நாலு ஸ்பீக்கரிலும் அது கேட்டது. ரோட்டில் போனவர்களுக்கும் கேட்டது. கிதார் நின்றது. பின்சுவர் பங்காளிகளில் இரண்டு பேர் சுவரை விட்டு நகர்ந்தார்கள். வாசற்பக்கமிருந்து நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள். கிருபாசங்கர் எழுந்தார், கனிஷ்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயாசாமிக்குப் புளியமரம் கண்முன்னால் வந்தது, அதன் பட்டையில் கயிறு அறுத்த தடம்வரை தெரிந்தது. அவர் மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கன்னம் இந்தமுறை ஒதுங்கவில்லை.

சுப்பண்ணன் தன் காலை இரண்டு கைகளாலும் தூக்கி, மெதுவாகக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். செருப்பு பட்ட இடத்தை, மூலைவரை, இரண்டு தரம் துடைத்தார். பிறகு துண்டை மடியில் வைத்துக்கொண்டு, தூண் பக்கம் திரும்பி, “வாங்கம்மா, வந்து உக்காருங்க. நான் கவனிக்கலைங்க” என்றார். அன்புச்செல்வி வந்தார். சேலையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நகர்ந்து வந்தவர்கள் எதற்காக நகர்ந்தோம் என்பதுபோல அங்கங்கே நின்றார்கள். ஆல்வின், வரிசையில் இல்லாத ஒரு பாட்டை வாசிக்க ஆரம்பித்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

இதைப்பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. அன்று பேசியது சுப்பண்ணன் அல்ல, வாய்க்குள் புகுந்திருந்ததுதான் பேசியது என்பது ஒரு கட்சி. அந்த வாய் அவர் வசத்தில் இல்லை என்பது மதுக்கரைக்கும் ஈரோட்டுக்கும் தெரியும். வாய் சரி, துண்டை எடுத்துத் துடைத்தது கைதானே என்பது இன்னொரு கட்சி. சுப்பண்ணனிடமே கேட்டார்கள். அவர், “அந்தச் சேருல தூசிங்க” என்று மட்டும் சொன்னார்.

‘ங்க’ திரும்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கிருபாசங்கர் அடுத்த வாரமே ஷெட்டைப் பூட்டினார். இப்போது அது ஏதோ டெலிவரி கம்பெனியின் குடோன். கனிஷ்கா அப்பாவுடன் ஒன்பது மாதம் பேசவில்லை. சிங்காநல்லூரில் மூடிக்கிடந்த ஒரு தறி ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, அவளும் இனியாவும் சனிக்கிழமைகளை அங்கே நடத்துகிறார்கள். மழை பெய்தால் ஒழுகும், ஆனாலும் கூட்டம் வருகிறது. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் முதலில் சுப்பண்ணனைக் கண்டால் ஒளிந்தார்கள். பிறகு ஒளியவில்லை. பிறகு எதிரே நின்று பதில் சொன்னார்கள். இன்றைக்கு அங்கே வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு அவர் எப்போதும் இப்படித்தான் பேசினார் என்று நினைப்பு. கொஞ்ச காலம் உறவினர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்காமல் இருந்தார்கள், பிறகு வைத்தார்கள். அவர் போனால் சமையல்காரர்கள் பந்திக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஐயாசாமிக்கு அவிநாசி ரோட்டில் ஒரு டைல்ஸ் குடோனில் காவல் வேலை கிடைத்தது. அங்கே வருகிற லாரிக்காரர்கள் குஜராத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வருகிறவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ‘வா’ என்றாலும் வருகிறார்கள், ‘போ’ என்றாலும் போகிறார்கள், போகும்போது பீடி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பஸ்ஸில் மட்டும் அவர் யார் பக்கத்திலும் உட்காராமல் நின்றுகொண்டே போவார். ஒருநாள் வேலை முடிந்து ஹோப்ஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ “ஐயாசாமி” என்று கூப்பிட்டார்கள். பெண் குரல். கல்யாணமான நாளிலிருந்து அவரை ‘ஏனுங்க’ என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக் கூப்பிடாத குரல் என்பதால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தார். அன்புச்செல்வி கையில் காய்கறிப் பையோடு நின்றிருந்தார். காற்றில் சேலைத் தலைப்பு பறந்தது.

“ஐயாசாமி, இங்க வா. இன்னிக்குப் பஸ்ஸு இந்தப் பக்கந்தா வரும்” என்றார்.

ஸ்டாப்பில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாசாமி வண்டிகளுக்கு நடுவே பாதி ரோடு தாண்டிப் போய், டிவைடரில் நின்று, என்ன இது என்பதுபோலக் கையை விரித்தார். அன்புச்செல்வி பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“உனக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதுக்கு? வா சீக்கிரம்.”

“வாரேன், இரு” என்று சொல்லிவிட்டு ஐயாசாமி மீதி ரோட்டைக் கடந்தார்.